கரீபியன் கப்பல் பயணம்: தீவுத் துறைமுகங்களில் நாமே ஏற்பாடு செய்து ஸ்கூபா டைவ் செய்ய நேரம் போதுமா?

கேள்வி: சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். விஷு கழிந்த மறுவாரம் நானும் என் மனைவியும் அமெரிக்கா செல்கிறோம். ஃப்ளோரிடாவில் இருக்கும் என் தங்கை குடும்பத்தார், மயாமியிலிருந்து புறப்பட்டு மயாமிக்கே திரும்பும் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு எங்களையும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டார்கள். கப்பல் கிராண்ட் கேமனில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரையிலும், ஹோண்டுராஸைச் சேர்ந்த ரோவாத்தான் தீவில் 9 முதல் 5 வரையிலும், மெக்சிகோவின் கோசுமெல் தீவில் 8 முதல் 5 வரையிலும் நிற்கும் என்று பயணத் திட்டத்தில் போட்டிருக்கிறது. கோசுமெல்லை விட்டுக் கிளம்பியபின் ஒரு முழு நாள் கடலில் கழியும்; அதற்கடுத்த நாள் காலை மயாமி சேர்ந்து, அன்று பிற்பகலே ஊர் திரும்ப விமானம் ஏறுகிறோம்.

நாங்கள் இருவரும் அந்தமானில் ஹேவ்லாக் தீவில் ஓபன் வாட்டர் என்ற அடிப்படை டைவ் சான்றிதழ் பெற்றவர்கள். ஆனால் அது கொரோனாவுக்கு முந்தைய கதை. அதன்பின் தண்ணீருக்கு அடியில் போகவே வாய்க்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்கவே பொன்னானி வரை போக வேண்டும், புழையில் நீந்துவதோடு சரி. கப்பல் நிறுவனம் விற்கும் டைவ் சுற்றுலாவின் விலையைப் பார்த்தபோது, அந்தந்தத் தீவில் உள்ள டைவ் கடைகளுக்கு நாமே எழுதிப் பதிவு செய்துகொண்டால் என்ன என்று தோன்றியது. மூன்று துறைமுகங்களிலும் அப்படிச் செய்ய நேரம் இருக்குமா, எந்தத் தீவில் செய்வது பாதுகாப்பு, இங்கிருந்து என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். என் மனைவி சில ஆண்டுகளாக இரத்த அழுத்த மாத்திரை எடுத்து வருகிறார் என்பதையும், தங்கை மகனுக்கு 11 வயது, அவனும் வருவேன் என்று அடம்பிடிக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: கேங்வே (பாறசாலை)

வணக்கம் சார். நான் டைவர் அல்லன். ஆனால் கப்பலின் ஏணிவாசலில் பாதுகாப்புப் பணியில் இருந்தவன் என்பதால், நேரத்தைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் திட்டம் முழுவதும் நேரத்தில்தான் நிற்கிறது. மீனும் பவளமும் அதற்கு அப்புறம்தான்.

திட்டத்தில் போட்டிருக்கும் மாலை 4 மணி, 5 மணி என்பதெல்லாம் கப்பல் கிளம்பும் நேரம். பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரம் பொதுவாக அதற்கு அரை மணி முன்னதாகவே இருக்கும். கப்பல் கடலிலேயே நிற்க, டெண்டர் என்ற சிறு படகில் கரைக்குப் போய்வரும் துறைமுகம் என்றால் கடைசிப் படகு இன்னும் முன்னதாகவே கிளம்பிவிடலாம். அன்றன்று அறைக்கு வரும் தினத்தாளிலும் கப்பலின் செயலியிலும் போடும் நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

அடுத்தது கடிகாரம். ஏப்ரலில் மயாமி கோடைக்கால நேரத்தில் இருக்கும், அதாவது உலகப் பொது நேரத்துக்கு 4 மணி பின்னால். கேமனும் கோசுமெல்லும் ஆண்டு முழுவதும் 5 மணி பின்னால் இருப்பவை. ரோவாத்தான் 6 மணி பின்னால். பல கப்பல்கள் பயணம் முழுக்கப் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே வைத்துக்கொள்ளும், சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாற்றும். உங்கள் கப்பல் மாற்றாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ரோவாத்தானில் கப்பல் 5 மணிக்குக் கிளம்புகிறது என்பது அந்த ஊர்க்காரர்களுக்குப் பிற்பகல் 3 மணி. நீங்கள் ஏறி முடிக்க வேண்டியது அவர்கள் கடிகாரத்தில் 2.30. ஒரு கடைக்காரர் "1 மணிப் படகில் வாருங்கள்" என்று எழுதினால், கப்பல் நேரத்தை மனத்தில் வைத்துப் படிப்பவருக்கு அது தாராளமாகத் தெரியும். உண்மையில் அந்தப் படகு கப்பல் நேரப்படி 3 மணிக்குத்தான் கிளம்பும், அதில் ஏறினால் கப்பலைக் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். கைப்பேசியை நம்பாதீர்கள், அது உள்ளூர்க் கோபுரத்தின் சிக்னலைப் பிடித்துத் தானாக மாறிவிடும். கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டிக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு எழுதும்போது மட்டும் எல்லாவற்றையும் அவர்களுடைய நேரத்தில் எழுதுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. தாமே ஏற்பாடு செய்து போனவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நேரம் முடிந்தபின் எங்கள் திரையில் இன்னும் கப்பலேறாதவர்களின் பெயர்கள் மட்டும் படங்களோடு நிற்கும். ஒலிபெருக்கியில் பெயரைக் கூப்பிடுவோம். பதில் இல்லையென்றால் அவர்களுடைய அறைப் பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டு ஏணியை இழுத்துவிடுவார்கள். அங்கிருந்து அடுத்த துறைமுகத்துக்கோ வீட்டுக்கோ போவது அவரவர் செலவு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் கூடுதல் கவலை உண்டு: அமெரிக்காவிலிருந்து கிளம்பித் திரும்புவதால் உங்கள் அமெரிக்க விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். மற்ற தீவுகளுக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு செய்தி: டைவ் கத்தியைப் பெட்டியில் வைத்தால் ஏறும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். மாஸ்க், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி) ஆகியவற்றைக் கண்டு யாரும் முகம் சுளிப்பதில்லை.

பதில்: நீலப்பாறை (குப்பம், சித்தூர் மாவட்டம்)

கேங்வே அண்ணா சொன்ன நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு, டைவர்களை வழிநடத்தும் டைவ்மாஸ்டர் என்ற முறையில் மூன்று தீவுகளையும் பார்க்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அண்ணா: கோசுமெல்லில் இரண்டு சிலிண்டர் டைவ் (ஒரே படகுப் பயணத்தில் அடுத்தடுத்து இரண்டு டைவ்), கேமனில் கரையிலிருந்தே இறங்கும் ஒரு டைவ், ரோவாத்தானில் மனம் இருந்தால் மட்டும்.

கோசுமெல் இதற்கென்றே அமைந்த ஊர். கப்பல்கள் தீவின் மேற்குக் கரையில் நிற்கின்றன. டைவ் செய்யும் பவளத்திட்டுகளும் அதே கரையில், தெற்கு நோக்கி வரிசையாக இருக்கின்றன. தீவே குறுக்கே நின்று கிழக்கிலிருந்து வீசும் காற்றை மறைத்துவிடுவதால் இந்தப் பக்கம் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். 8.30 மணிக்கு உள்ளூர்ப் படகு கிளம்பினால் கப்பல் நேரம் 9.30; இரண்டு டைவும் நடுவில் ஒரு மணி ஓய்வும் முடித்து உள்ளூர் நேரம் 1 மணிக்குள் திரும்பிவிடலாம், அப்போது கப்பல் நேரம் 2. ஏறி முடிக்க இன்னும் இரண்டரை மணி நேரம் கையில் இருக்கும். வேறு எந்தத் துறைமுகமும் உங்களுக்கு இவ்வளவு இடைவெளி தராது. தீவில் கப்பல் நிறுத்தும் மேடைகள் மூன்று இருக்கின்றன: ஊருக்குள் ஒன்று, தெற்கே இரண்டு. எதில் நிற்கும் என்பதைக் கேட்டுவைத்துக் கடைக்கும் சொல்லுங்கள். பல படகுகள் தெற்கு மேடைகளுக்குப் பக்கத்தில் உள்ள கலேட்டா படகுத்துறையிலிருந்து கிளம்புகின்றன, டாக்ஸியில் சிறிது தூரம்தான்.

அங்கே நீரோட்டத்தோடு மிதந்து போகும் டிரிஃப்ட் டைவ்தான் வழக்கம். நீங்கள் ஓரிடத்தில் இறங்குவீர்கள், படகு மேலே உங்கள் குமிழிகளைப் பின்தொடரும், வேறோரிடத்தில் ஏறுவீர்கள். துடுப்பை அடிக்க வேண்டிய வேலை குறைவு. ஆனால் ஒரே ஆழத்தில் நிலையாக நிற்கத் தெரிந்திருக்க வேண்டும், வழிகாட்டியை முந்தக் கூடாது. பலங்கார், சான்டா ரோசா என்ற பவளத்திட்டுகளின் பெயரைக் கேட்டிருப்பீர்கள். சான்டா ரோசா செங்குத்தான சுவர், அடியில் தரை தெரியாது. ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர் ஆழம்தான் வரம்பு. பலங்காரின் ஆழங்குறைந்த பகுதியையும் அதன்பின் இன்னும் ஆழங்குறைந்த ஒரு திட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடல் 1996 முதல் தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் தனி. கையுறையும் கத்தியும் அங்கே கூடாது.

கேமனில் கப்பல் மேடை இல்லை. டெண்டர் படகில்தான் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். முதல் படகுகள் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா எடுத்தவர்களுக்கே போகும், தனியாகப் போகிறவர்கள் சீட்டு வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகையால் அங்கே காலை 8 மணிப் படகு என்று எவரிடமும் ஒப்புக்கொள்ளாதீர்கள். படகுத்துறையிலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் ஈடன் ராக், டெவில்ஸ் குரோட்டோ என்ற இரண்டு இடங்கள் வருகின்றன. கரையில் உள்ள கடையில் சிலிண்டர் எடுத்து, படியில் இறங்கி நீந்திப் போய் டைவ் செய்யலாம். 15 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே குகை போன்ற வழிகளும், ஆளின் நீளத்துக்கு வெள்ளிச் செதிலோடு அசையாமல் நிற்கும் டார்ப்பன் மீன்களும் இருக்கும். ஆனால் நீண்ட இடைவெளிக்குப் பின் இறங்குகிறவர்கள் குகைவழிக்குள் நுழைய வேண்டாம், வெளியிலிருந்து பார்த்தால் போதும். வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அமர்த்திக்கொள்ளுங்கள். கிட்டிவேக் என்ற பழைய அமெரிக்கக் கடற்படைக் கப்பலை 2011 ஜனவரியில் டைவர்களுக்காகவே அங்கே மூழ்கடித்தார்கள். 2017இல் வந்த நேட் புயல் அதை ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டது. அருமையான இடம்தான். ஆனால் அதற்குப் படகு வேண்டும், உங்கள் நேரத்துக்கு அது இடிக்கும்.

கேமனைப் பற்றி இன்னொன்று. மேற்கிலிருந்து அலை எழும்பினால் கப்பல் ஜார்ஜ் டவுனை விட்டுத் தென்கரையில் உள்ள ஸ்பாட்ஸ் துறைக்குப் போய்விடும், அல்லது நிற்காமலேயே தாண்டிவிடும். கப்பல் வராவிட்டால் முன்பணம் முழுதும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்காமல் எந்தக் கடைக்கும் பணம் அனுப்பாதீர்கள். கப்பல் பயணிகளை ஏற்றுப் பழகிய கடைகள் இதற்கு உடனே சம்மதிக்கும். தயங்குகிற கடையை விட்டுவிடலாம்.

ரோவாத்தானில் கப்பல் காக்ஸன் ஹோலிலோ மஹோகனி பேயிலோ நிற்கும். பெரும்பாலான டைவ் கடைகள் வெஸ்ட் எண்ட் பக்கம், டாக்ஸியில் அரை மணி வரை ஆகும். ஒரே சாலை, கப்பல் நாளில் நெரிசல். காலை 9 மணி உள்ளூர்ப் படகை விட்டால் அடுத்ததற்கு இடமில்லை. செய்வதானால் ஒரே டைவ், துறைமுகத்துக்கு வந்து அழைத்துப்போகும் கடை என்று இருக்கட்டும்.

கருவிகளில் மாஸ்க்கும் டைவ் கம்ப்யூட்டரும் ஆளுக்கு ஒன்று சொந்தமாக இருப்பது நல்லது. மூன்று தீவுகளிலும் நடக்கும் டைவ்களின் கணக்கு ஒரே கருவியில் தொடர்ந்து ஓட வேண்டும். மற்றவற்றை வாடகைக்கு எடுக்கலாம்; உயரம், எடை, காலணி அளவு ஆகியவற்றை முன்பே எழுதிவிடுங்கள். அந்தமானில் நீங்கள் காற்றழுத்தத்தைப் பார் அளவிலும் ஆழத்தை மீட்டரிலும் பார்த்துப் பழகியிருப்பீர்கள். கரீபியனில் வாடகைக்குத் தரும் அழுத்தமானி பிஎஸ்ஐ அளவில் காட்டும், வழிகாட்டி ஆழத்தை அடிக்கணக்கில் சொல்வார். முழுச் சிலிண்டர் 200 பார் என்பது அங்கே ஏறக்குறைய 3000 பிஎஸ்ஐ. மேலே வந்துவிட வேண்டிய 50 பார் என்பது ஏறக்குறைய 700. 18 மீட்டர் என்றால் 60 அடி. நீரில் இறங்க உதவும் ஈயக்கட்டியும் பவுண்டில்தான் தருவார்கள். 6 கிலோ கட்டிப் பழகியவர் "ஆறு" என்று கேட்டு வாங்கினால் மூன்று கிலோகூடத் தேறாது, கீழே இறங்கவே முடியாது. ஏப்ரலில் தண்ணீர் 26, 27 டிகிரி இருக்கும், 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (குளிர் தாங்கும் டைவ் உடை) போதும்.

கப்பலேறும் முன் இங்கேயே பயிற்சியைப் புதுப்பித்துக்கொள்வது அவசியம். முருடேஸ்வரத்திலிருந்து படகில் நேத்ராணி தீவுக்கு அழைத்துப்போகிறார்கள். மழைக்காலம் தவிர்த்து நடக்கும், கொங்கண் ரயிலிலேயே போய் இறங்கலாம். பழைய சான்றிதழை மட்டும் காட்டினால் பல கடைகள் கோசுமெல் சுவருக்கு அழைத்துப்போகத் தயங்கும். டைவ்களைக் குறித்துவைக்கும் லாக் புத்தகத்தில் அண்மைத் தேதியிட்ட பதிவு இருந்தால் பேச்சே எழாது.

பதில்: செவிப்பறை (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

மாஷே, நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். உங்கள் ஊருக்குப் பக்கத்துக்காரன். மருத்துவப் பக்கம் மட்டும் எழுதுகிறேன்.

டைவ் கடைகள் எல்லாம் இறங்கும் முன் ஓர் உடல்நிலைக் கேள்வித்தாளை நிரப்பச் சொல்லும். அதில் இரத்த அழுத்தம் உட்பட ஏதேனும் ஒன்றுக்கு "ஆம்" என்று போட நேர்ந்து, அதன்படி மருத்துவர் ஒப்புதல் தேவைப்பட்டால், அந்தக் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கப்பல் மருத்துவர் அந்த இடத்தில் கையெழுத்திடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். படிவத்தை இணையத்திலிருந்து இப்போதே இறக்கி, உங்கள் மனைவியை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போங்கள். அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதோடு, எந்த மாத்திரை என்பதும் முக்கியம். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை என்றால் நீரோட்டத்தில் திடீரென்று உழைக்க வேண்டி வரும்போது இதயத்துடிப்பு போதுமான அளவு உயராமல் போகலாம். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் படிவத்தில் கூடுதல் கேள்விகள் உண்டு. பொய்யாக "இல்லை" போட்டுவிட்டுப் போகும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது, அதைச் செய்ய வேண்டாம்.

டைவ் முடித்த உடனே விமானம் ஏறக் கூடாது, ஆனால் அதைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். டைவர்களின் பாதுகாப்புக்காக 1980இல் தொடங்கப்பட்ட டேன் (DAN) என்ற அமைப்பின் பரிந்துரைப்படி, அழுத்தநீக்க நிறுத்தம் (மேலே வரும்போது இடையில் கட்டாயமாக நின்று ஏறுவது) தேவைப்படாத ஒரே டைவுக்குப் பின் குறைந்தது 12 மணியும், பல நாட்கள் அல்லது பல டைவ்களுக்குப் பின் 18 மணியும் இடைவெளி வேண்டும். நீங்கள் கோசுமெல்லுக்குப் பின் ஒரு முழு நாள் கடலில் இருக்கிறீர்கள். பயணத் திட்டம் மாறிக் கடைசித் துறைமுகம் மயாமிக்கு முந்தைய நாளில் விழுந்தால் மட்டும் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. கப்பலின் குளிரூட்டிய அறையில் இரண்டு இரவு படுத்தாலே மூக்கடைப்பவர்கள் உண்டு. மூக்கில் விடும் சொட்டு மருந்தைப் போட்டுக்கொண்டு இறங்கினால், கீழே இருக்கும்போதே அதன் வேகம் குறைந்து, ஏறி வரும்போது காற்று உள்ளே மாட்டிக்கொண்டு காது வலியால் துடிக்க நேரும். கப்பல் ஆட்டத்துக்கான மாத்திரைகளில் சில தூக்கத்தைக் கொண்டுவரும். எது ஒத்துக்கொள்கிறது என்பதை ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். முந்தைய இரவு மது வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். டைவ் முடித்து வந்ததும் கப்பலின் வெந்நீர்த் தொட்டியில் உட்காருவதைத் தவிர்ப்பது நல்லது. மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் என்று எது வந்தாலும் தூங்கினால் சரியாகிவிடும் என்று இருக்காமல் கப்பல் மருத்துவ அறைக்குப் போய், டைவ் செய்ததைச் சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள். டைவால் வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் மறு அழுத்தக் கலன் பொதுவாகக் கப்பலில் இருக்காது. நீங்கள் போகும் மூன்று தீவுகளிலும் கரையில் இருக்கிறது. ஆகவே கப்பல் கிளம்பும் முன்பே அறிகுறியைக் கவனிப்பது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். சாதாரண வெளிநாட்டுப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். விதிகளை வாசித்துப் பார்த்து, தேவையானால் டைவிங் காப்பீட்டைத் தனியாக எடுங்கள்.

பதில்: வேலந்தாவளம்

இவ்வளவு கணக்குப் போட்டு மாஷுக்கு இரத்த அழுத்தம் ஏறாமல் இருந்தால் சரி. கூடுதல் பணத்தைக் கொடுத்துக் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுத்துவிட்டால் படகு தாமதித்தாலும் கப்பல் நிற்குமே. குடும்பத்தோடு போகிறவருக்கு அதுதானே நிம்மதி?

பதில்: நீலப்பாறை (குப்பம்)

ரோவாத்தானுக்கு நீங்கள் சொல்வது சரி. அங்கே டைவ் செய்தே தீர வேண்டும் என்றால் நானும் கப்பல் சுற்றுலாவையே சொல்வேன். கோசுமெல்லில் அப்படியல்ல. கப்பல் மூலம் போகும் படகில் பலவிதத் திறமையுள்ளவர்களை ஒன்றாக ஏற்றுவதும், ஒருவருடைய காற்று சீக்கிரம் தீர்ந்தால் மொத்தக் குழுவையும் மேலே கொண்டுவருவதும் நடக்கும். நீண்ட நாள் கழித்து இறங்கும் இருவருக்குத் தேவையானது ஆறு பேருக்குள் ஒரு சிறு படகு, தம்மைக் கவனிக்கும் ஒரு வழிகாட்டி. அதற்கு நாமேதான் கடையைத் தேட வேண்டும். நேர இடைவெளி அங்கே தாராளமாக இருக்கும்போது காப்புக்காகக் கூடுதல் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

தங்கை மகனைப் பற்றி: 10 வயது நிரம்பியவர்கள் பயிற்சியாளரோடு அறிமுக டைவ் செய்யலாம், 12 மீட்டருக்கு மேல் ஆழம் கூடாது. பையனின் பெற்றோர் கையெழுத்திட வேண்டும், மாமாவின் கையெழுத்து செல்லாது. அவனை உங்கள் படகில் ஏற்றாதீர்கள். அவன் டைவும் உங்கள் டைவும் வேறு. கேமனில் நீங்கள் கரையிலிருந்து இறங்கும் இடத்திலேயே அவன் ஸ்நார்க்கெல் (மூச்சுக்குழாய்) போட்டு மேலே மிதந்து பார்க்கட்டும், பெற்றோர் கூடவே இருக்கட்டும்.

மறுமொழி: சித்தூர்ப்புழை (கொழிஞ்சாம்பாறை)

அனைவருக்கும் மிக்க நன்றி. ரோவாத்தானில் டைவ் வேண்டாம் என்று என் மனைவி வாசித்த உடனேயே முடிவு செய்துவிட்டார். அன்று கடற்கரையோடு சரி. மார்ச் மாதம் பொதுத்தேர்வு மேற்பார்வைப் பணி முடிந்ததும் முருடேஸ்வரம் போய்வருகிறோம். டாக்டர் சொன்ன படிவத்தை அதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்று புரிகிறது, நேத்ராணிக்கும் அதையே காட்டலாம் அல்லவா? கோசுமெல் கடைக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று மட்டும் யாராவது சொன்னால் இந்த வாரமே எழுதிவிடுவேன்.

பதில்: கேங்வே (பாறசாலை)

படிவத்தை நேத்ராணிக்கும் காட்டலாம் சார். ஆனால் அசலை அங்கே கொடுத்துவிடாமல் நகலைக் கொடுங்கள். கடிதத்தில் கப்பலின் பெயர், தேதி, கப்பல் நிற்கும் மேடை ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். அந்தப் பெயரை வைத்துத்தான் அவர்கள் தம் அட்டவணையைச் சரிபார்ப்பார்கள். "உள்ளூர் நேரம் 1.30 மணிக்குள் நாங்கள் மேடையில் திரும்ப நிற்க வேண்டும், உங்கள் படகு அதற்கு முன் கரை சேருமா?" என்று நேராகவே கேளுங்கள். படகில் எத்தனை பேர், கப்பல் வராவிட்டால் பணம் முழுதும் திரும்புமா, பூங்காக் கட்டணமும் கருவி வாடகையும் விலையில் அடக்கமா, படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பவையும் அதே கடிதத்தில் இருக்கட்டும். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பதில் வந்ததும் அதை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். துறைமேடையில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத நாட்கள் உண்டு.